விழுங்கினால் மட்டும் போதாது

ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஆண்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மாத்திரையைவிட அந்த மௌனம்தான் அதிகம் படுத்துகிறது.

ஓய்வு பெற்ற ஆண்கள் கூடும் இடத்தில் பேசப்படாத விஷயம் என்று எதுவும் கிடையாது. பஞ்சப்படி, சம்பளக் கமிஷன், சர்க்கரை அளவு, மூட்டு வலி, மருமகனின் வேலை, அடுத்த தேர்தல் என்று எல்லாம் அலசப்படும். பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பையே காட்டிவிடுவார். போரில் வாங்கிய காயம் போல அதில் ஒரு பெருமிதம். ஆனால் இரவில் நாலு முறை எழுந்து பாத்ரூம் போவதையும், போன இடத்தில் சிறுநீர் வராமல் நின்றுகொண்டே இருப்பதையும், வந்து படுத்த பத்தாவது நிமிடம் மறுபடி எழ வேண்டியிருப்பதையும் யாரும் சொல்வதில்லை. இதயம் கௌரவமான உறுப்பு. ப்ராஸ்டேட்டுக்கு அந்த அந்தஸ்து கிடையாது.

கிழக்கு தில்லி மயூர் விஹாரில் பூங்கா ஒன்றில், காலை நடை முடிந்ததும் நான்கு பேர் ஒரே பெஞ்சில் வந்து உட்காருவார்கள். மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற தமிழர். வங்கி மேலாளராக இருந்த வங்காளி. இரும்புச் சாமான் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட பஞ்சாபி. ராணுவத்தில் சுபேதாராக இருந்த மலையாளி. எட்டு வருடப் பழக்கம். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர்கள் ஓடியாடி வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் நான்கு பேரும் ஒரே கோளாறுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பது அந்த நான்கு பேருக்கும் தெரியாது. தமிழர் கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது.

அது ஜனவரி மாதம். தில்லிக் குளிரில் சிறுநீர்ப் பை யாரையும் அதிக நேரம் தூங்க விடாது. இரவு இரண்டரை மணிக்கு ரஜாயை உதறிவிட்டு அவசரமாக எழுந்தவருக்குக் கண் இருண்டது. பாத்ரூம் கதவு வரை போனது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், சில்லிட்ட தரையில் கிடந்தது. இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. புருவத்துக்கு மேல் ஐந்து தையல் போட வேண்டியிருந்தது. “என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார் அவசரப் பிரிவு டாக்டர். “பிரஷருக்கு மட்டும்தான்” என்றார் இவர். மனைவி குறுக்கிட்டார்: “ஏங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு காப்ஸ்யூல் போட்டுக்கறீங்களே, அது என்ன?” அது வைட்டமின் என்று மூன்று வாரமாக அவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

வீட்டிலிருந்து மருந்துப் பை வந்தது. ரத்த அழுத்தத்துக்கு இதய டாக்டர் எழுதியது பிராசோசின். சிறுநீர்த் தொல்லைக்கு வேறொரு நிபுணர் எழுதியது டாம்சுலோசின். பெயர் வேறு, நிறம் வேறு, வாங்கிய கடையும் வேறு. ஆனால் இரண்டும் ‘ஆல்ஃபா பிளாக்கர்’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஒரே உடம்பில் சேரும்போது, படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். ஒரு டாக்டருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. இருவருக்கும் சொல்லியிருக்க வேண்டியவர் ஒருவர்தான். அவர் சொல்லவில்லை.

வாசலில் நிற்கும் சுரப்பி

ப்ராஸ்டேட் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘முன்னால் நிற்பவர்’ என்று பொருள். சிறுநீர்ப் பையின் வாசலில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி வளைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது. இளம் வயதில் பெரிய நெல்லிக்காய் அளவு. எடை சுமார் 20 கிராம். நாற்பதைத் தாண்டியதும் பலருக்கு மெல்லப் பெருக்கத் தொடங்கும். அறுபதை நெருங்கும்போது ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேலும் இந்த வளர்ச்சி இருக்கிறது. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் நடுவே ஓடும் குழாய் நெரிபடுகிறது. தாரை மெலிகிறது, விட்டு விட்டு வருகிறது. பை முழுவதும் காலியாவதில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப அழைப்பு.

ஒரு காலத்தில் இதற்குக் கத்தி ஒன்றே வழி. இந்திய மெடிக்கல் சர்வீஸில் இருபது வருடம் பணியாற்றிவிட்டு லண்டன் திரும்பிய பீட்டர் ஃப்ரேயர் என்ற ஐரிஷ் அறுவை மருத்துவர், அடிவயிற்றைத் திறந்து வீங்கிய சுரப்பியைத் தோண்டி எடுக்கும் முறையை 1900களின் தொடக்கத்தில் பிரபலமாக்கினார். பிறகு வயிற்றைத் திறக்காமல், சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுக்கும் முறை வந்தது. அது இன்றும் நடக்கிறது. ஆனால் 1990களுக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு முதலில் கிடைப்பது மாத்திரைதான்.

இது பெரிய நிம்மதி. கூடவே ஒரு பொறுப்பும் கை மாறியிருக்கிறது. ஆபரேஷன் என்றால் நோயாளி கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும். மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார். மாத்திரை அப்படியல்ல. அது வீட்டுக்கு வந்துவிடுகிறது. எப்போது, எதோடு, எதற்குப் பின் சாப்பிடுவது என்பதையெல்லாம் தினமும் இரவு பத்து மணிக்கு நோயாளியே முடிவு செய்கிறார்.

இரண்டு குடும்பங்கள்

டாக்டர்கள் எழுதும் மருந்துகளில் முக்கியமானவை இரண்டு குடும்பங்கள். முதலாவது ஆல்ஃபா பிளாக்கர்கள்: டாம்சுலோசின், ஆல்ஃபுசோசின், சிலோடோசின், டெராசோசின், டாக்சாசோசின். 1993இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்த டாம்சுலோசின் இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் சர்வ சாதாரணம். சுரப்பியிலும் பையின் கழுத்திலும் உள்ள தசைகளை இந்த மருந்துகள் தளர்த்துகின்றன. சுரப்பி சுருங்காது, வழி கொஞ்சம் திறக்கும். சில நாட்களிலிருந்து ஓரிரு வாரங்களுக்குள் வித்தியாசம் தெரியும். ஆனால் அதே போன்ற தசை ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. அதுவும் தளர்ந்தால் தலை சுற்றல்.

இரண்டாவது குடும்பம் ஃபினஸ்டெரைட், டுடாஸ்டெரைட். இதன் கதை டொமினிகன் குடியரசின் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். டெஸ்டோஸ்டெரோனை இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு என்சைம் அவர்களுக்குக் குறைவு என்று 1974இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அவர்களின் ப்ராஸ்டேட் சிறியதாகவே இருந்தது. அந்த என்சைமை மருந்தால் தடுத்தால் என்ன என்ற கேள்வியின் விடைதான் ஃபினஸ்டெரைட். 1992இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. இது சுரப்பியையே சுருக்குகிறது, ஆனால் அவசரமே இல்லாமல். பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். “ஒரு மாதம் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்று நிறுத்திவிடுகிறவர்கள் இந்த மருந்துக்கு வேலை செய்ய நேரமே கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

சுரப்பி பெரிதாக இருப்பவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது உண்டு. 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை வருடம் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2003இல் வெளியானது. டாக்சாசோசினும் ஃபினஸ்டெரைடும் தனித்தனியாகக் கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்தபோது நோய் முற்றுவது அதிகமாகக் குறைந்தது. அதனால்தான் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து வைத்து விற்கிறார்கள். பெயரின் வாலில் ‘டி’ என்றோ ‘எஃப்’ என்றோ ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால், டுடாஸ்டெரைடோ ஃபினஸ்டெரைடோ கூடச் சேர்ந்திருக்கிறது என்று பொருளாக இருக்கலாம். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் உண்டு. விலை குறைவு என்று ஜன் ஔஷதி கடைக்கு மாறும்போதும் இதே குழப்பம் வரும். பெட்டி மாறுகிறது, உள்ளே இருப்பது அதே மருந்து. புதியதைத் தொடங்கினால் பழையதை எடுத்து வைத்துவிட வேண்டும்.

‘0-0-1’ சொல்லாதது

டாக்டர் சீட்டில் ‘0-0-1’ என்று எழுதுவார். காலை இல்லை, மதியம் இல்லை, இரவு ஒன்று. மூன்று எண்ணில் எல்லாம் அடங்கிவிட்டது போல இருக்கும். ஆனால் அடங்காதவை பல.

டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அரை மணி கழித்துச் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் அது ரத்தத்தில் வேகமாக ஏறும். அழுத்தமும் வேகமாக இறங்கும். நவராத்திரியோ ரம்ஜானோ, நோன்பு இருப்பவர்கள் இதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. காப்ஸ்யூலை உடைத்து வாழைப்பழத்தில் வைத்தோ தயிர்சாதத்தில் தூவியோ சாப்பிடக் கூடாது. மருந்து நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி செய்யப்பட்டது அது. மென்றால் அந்த ஏற்பாடு கெட்டுவிடும்.

முதல் சில நாட்களும், அளவைக் கூட்டிய நாட்களும்தான் அதிகம் கவனிக்க வேண்டியவை. அப்போது ஸ்கூட்டரோ காரோ ஓட்டாமல் இருப்பது மேல். இரவில் விழிப்பு வந்தால் உடனே எழக் கூடாது. கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டும். இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது பாதுகாப்பு. குந்தி உட்காரும் கழிப்பறையிலிருந்து எழும்போதும், கீஸர் வெந்நீரில் நீண்ட நேரம் குளித்துவிட்டு வெளியே வரும்போதும், கோடையில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பாத்ரூம் விளக்கு இரவு முழுவதும் எரியட்டும். மின்சாரக் கட்டணம் எலும்பு ஆபரேஷனைவிட மலிவு.

ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. ஊருக்குப் போய்ப் பல நாள் விட்டுப் போயிருந்தால், பழைய அளவிலேயே மறுபடி தொடங்குவதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். டெராசோசின், டாக்சாசோசின் போன்றவற்றைக் குறைந்த அளவிலிருந்துதான் திரும்பத் தொடங்குவார்கள்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் போதும் என்றால் கடைக்காரர் கத்திரியால் வெட்டிக் கொடுத்துவிடுவார். மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் அவரிடமே தங்கிவிடும். கையில் இருப்பது பெயரில்லாத நாலு மாத்திரை. முழு அட்டையாக வாங்குவதும், பெயர் அச்சடித்த ஓரத்தைக் கடைசி வரை கிழிக்காமல் வைத்திருப்பதும் சின்ன விஷயம் அல்ல. டாக்டர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்கு அட்டையில் ‘ஆர்.எக்ஸ்.’ குறியும் எச்சரிக்கையும் அச்சிட்டிருக்கும். அதையும் பல சமயம் கத்திரி கொண்டு போய்விடுகிறது.

பெஞ்சில் நான்கு கதைகள்

கையில் மாவுக்கட்டோடு தமிழர் பூங்காவுக்கு வந்த அன்று, மற்ற மூவரும் காரணம் கேட்டார்கள். அவர் முதலில் வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னார். பிறகு என்ன தோன்றியதோ, உள்ளதைச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. “நானும் அதைத்தான் சாப்பிடுகிறேன்” என்றார் சுபேதார். ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள்.

வங்கி மேலாளருக்கு வந்தது ஜலதோஷம். டிசம்பர் பனிமூட்டத்தில் மூக்கு அடைத்துக்கொண்டது. கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டார். இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. அடிவயிறு பானை போல உப்பி, துடித்துப் போனவரை ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். குழாய் செருகியபோது ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. நம் ஊரில் விற்கும் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமாலோடு ஃபினைல்எஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் சேர்ந்திருக்கின்றன. ஃபினைல்எஃப்ரின் மூக்கின் ரத்தக் குழாயை இறுக்குகிறது. கூடவே சிறுநீர்ப் பையின் கழுத்தையும் இறுக்குகிறது. ஆல்ஃபா பிளாக்கர் எதைத் தளர்த்தியதோ அதையே இது இழுத்துக் கட்டுகிறது. குளோர்ஃபெனிரமின் பையின் தள்ளும் சக்தியைக் குறைக்கிறது. சாதாரண ஜலதோஷ மாத்திரைதானே என்று கடைக்காரரிடம் அவர் வேறு எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெறும் பாரசிட்டமாலும் ஆவி பிடித்தலும் போதுமாக இருந்திருக்கும். நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் இதே போலச் சிறுநீரை நிறுத்தக்கூடியது.

பஞ்சாபி வியாபாரியின் கதை கண்ணைப் பற்றியது. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன் கேள்வித்தாள் கொடுத்தார்கள். ப்ராஸ்டேட் மருந்து உண்டா என்ற இடத்தில், பக்கத்தில் மருமகள் உட்கார்ந்திருந்ததால், இல்லை என்று எழுதினார். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைத்தார். சம்பந்தம் இருக்கிறது. கண்ணின் கருவிழித் திரையை விரிக்கும் தசையையும் டாம்சுலோசின் தளர்த்திவிடுகிறது. ஆபரேஷன் நடக்கும்போது அந்தத் திரை காற்றில் ஆடும் துணி போல அலைந்து, கருவிக்குக் குறுக்கே வரும். கலிபோர்னியாவில் டேவிட் சாங், ஜான் கேம்ப்பெல் என்ற இரு கண் மருத்துவர்கள் 2005இல் இதை விவரித்து எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அறுவை மருத்துவர் அதற்கான மருந்தும் கருவியும் தயாராக வைத்துக்கொண்டு பத்திரமாக முடித்துவிடுவார். இவருக்கு நேரம் அதிகம் பிடித்தது. வீக்கம் வடிய வாரங்கள் ஆயின. நல்லவேளையாகப் பார்வை தப்பியது. ஆபரேஷனுக்கு முன் சில நாள் மாத்திரையை நிறுத்திவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. நிறுத்தி வெகு நாளான பிறகும் இது நேரலாம். அதனால் முன்பு எப்போதாவது சாப்பிட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். ப்ராஸ்டேட் வீங்கும் வயதும் புரை விழும் வயதும் ஒன்றுதான்.

சுபேதார் இரண்டு வருடமாக டுடாஸ்டெரைட் சாப்பிடுகிறார். சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். ப்ராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 3.1 என்று வந்தது. நாலுக்குள் இருந்தால் சரி என்று தாளிலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் ஃபினஸ்டெரைடும் டுடாஸ்டெரைடும் அந்த எண்ணை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவரின் எண்ணை டாக்டர்கள் இரண்டால் பெருக்கித்தான் படிப்பார்கள். அப்படிப் படித்தால் இவருடையது ஆறைத் தாண்டுகிறது. பரிசோதனைக் கூடத்துக்கு இவர் என்ன சாப்பிடுகிறார் என்று எப்படித் தெரியும்? மாத்திரை சாப்பிடும்போதே எண் ஏறுமுகமாக இருந்தால், அது நாலுக்குள் இருந்தாலும் விசாரிக்க வேண்டும். பெஞ்சில் பேசிய பிறகுதான் சுபேதார் தன் டாக்டரிடம் போனார். ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்தார்கள். புற்றுநோய் இல்லை. ஆனால் முடிவு வரும் வரை அவர் தூங்கவில்லை.

நான்காவது கதை தமிழரின் வீட்டிலேயே நடந்தது. விழுந்த பிறகு அவருக்கு ரத்த அழுத்த மருந்தை மாற்றினார்கள். டாம்சுலோசின் தொடர்ந்தது, கூடவே 5 மில்லிகிராம் ஃபினஸ்டெரைட். சில வாரம் கழித்து அந்த டப்பாவில் மாத்திரை குறைவதை மனைவி கவனித்தார். மேஜை இழுப்பறையில் நாலாக வெட்டிய துண்டுகள் கிடைத்தன. முடி கொட்டுவதற்காக மகன் ஒரு வருடமாக ஃபினஸ்டெரைட் சாப்பிட்டு வந்திருக்கிறான். அதே மருந்துதான், 1 மில்லிகிராம். அப்பாவின் மாத்திரையை வெட்டினால் செலவு மிச்சம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா தன் ப்ராஸ்டேட்டை மறைத்தார், மகன் தன் வழுக்கையை மறைத்தான். வீட்டில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. மேல்பூச்சோடு முழுதாக இருக்கும் ஃபினஸ்டெரைட் மாத்திரையால் ஆபத்து இல்லை. உடைந்த மாத்திரையையும் கசியும் டுடாஸ்டெரைட் காப்ஸ்யூலையும் கர்ப்பிணிகள் தொடக் கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் பிறப்புறுப்பு உருவாவதை அது பாதிக்கக்கூடும். அவர் தொட்டிருக்கவில்லை என்பது தெரிந்ததும்தான் மாமியாருக்கு மூச்சு வந்தது. இதே காரணத்தால் டுடாஸ்டெரைட் சாப்பிடுகிறவர்கள், நிறுத்தி ஆறு மாதம் ஆகும் வரை ரத்த தானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

பேசினால் வரும் சிக்கல்

மௌனம் உடைந்ததும் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. பெஞ்சுக்குப் புதிதாக வந்த ஒருவர் தனக்கும் அதே தொல்லை என்றார். வியாபாரி மறுநாளே பாதி அட்டையோடு வந்துவிட்டார். “எனக்கு நன்றாகக் கேட்டது. சாப்பிட்டுப் பாருங்கள்.” அன்பில் குறையில்லை. ஆனால் சிறுநீர் தடைபட ப்ராஸ்டேட் வீக்கம் மட்டுமே காரணம் அல்ல. சர்க்கரை நோயால் நரம்பு தளர்ந்திருக்கலாம், கிருமித் தொற்று, கல், புற்றுநோய் என்று வேறு காரணங்களும் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் டாக்டர். நண்பரிடம் பேசினால் கூச்சம் போகும். மருந்து டாக்டரிடமிருந்துதான் வர வேண்டும்.

டாக்டரிடம் என்ன பேசுவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. உலகெங்கும் டாக்டர்கள் பயன்படுத்தும் ஏழு கேள்விகள் உண்டு: பை காலியாகாத உணர்வு, அடிக்கடி போவது, விட்டு விட்டு வருவது, அடக்க முடியாமை, மெலிந்த தாரை, முக்க வேண்டியிருப்பது, இரவில் எழுவது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை மிதமானது, 20க்கு மேல் கடுமையானது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தால் பலன் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

சொல்வதற்கு இன்னும் கூச்சமான விஷயங்களும் இருக்கின்றன. டாம்சுலோசினும், அதைவிட அதிகமாகச் சிலோடோசினும் உறவின்போது விந்து வெளிவராமல் செய்யலாம். பயந்து போய் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தீங்கல்ல. ஃபினஸ்டெரைடும் டுடாஸ்டெரைடும் சிலருக்கு ஆசையையும் விறைப்பையும் குறைக்கும். மார்பு வீங்கி வலிக்கலாம், மனம் சோரலாம். இவற்றைச் சொன்னால் மருந்தை மாற்ற வழி உண்டு. சொல்லாமல் மருந்துக் கடையில் சில்டெனாஃபில் வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து. ஆல்ஃபா பிளாக்கரோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரைகளோடு சில்டெனாஃபிலோ டடாலாஃபிலோ சேர்ந்தால் உயிருக்கே உலை. இதில் டடாலாஃபிலை ப்ராஸ்டேட் தொல்லைக்காகவே எழுதுவதும் உண்டு. அதனால் இதய டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

தோல் டாக்டருக்கும் தெரிய வேண்டும். படர்தாமரை சில வருடங்களாக நாடெங்கும் விடாப்பிடியாகப் பரவி வருகிறது. அதற்கு வாரக்கணக்கில் இட்ராகோனசோல் எழுதுகிறார்கள். ஆல்ஃபா பிளாக்கர்கள் பலவற்றைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுவதை இது தடுக்கிறது. ஆல்ஃபுசோசின், சிலோடோசின் இரண்டோடும் இதைச் சேர்க்கவே கூடாது. டாம்சுலோசினோடும் கவனம் தேவை.

நெருஞ்சில் கஷாயம் போன்ற கைவைத்தியம் பல வீடுகளில் உண்டு. வெளிநாட்டு மூலிகைக் காப்ஸ்யூல்களும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் பேர்போன ஸா பால்மெட்டோவை 225 பேருக்கு ஒரு வருடம் கொடுத்துச் சோதித்து 2006இல் முடிவு வெளியிட்டார்கள். போலி மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. கஷாயம் குடித்தாலும் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. ராத்திரி எழ வேண்டுமே என்று நாள் முழுவதும் தண்ணீரையே குறைத்துவிடுவதும் தவறு. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி முன்னால் தண்ணீரையும் காப்பி டீயையும் நிறுத்தினால் போதும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் காலையில் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்கலாம்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அடியோடு நிற்பது, சிறுநீரில் ரத்தம், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மயங்கி விழுவது, முகமோ நாக்கோ வீங்குவது, நாலு மணி நேரத்துக்கு மேல் வலியோடு தொடரும் விறைப்பு. இவற்றுக்கு அன்றே, அப்போதே மருத்துவமனை.

மற்ற நாட்களுக்கு ஒரு தாள் போதும். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், பிரஷர், சர்க்கரை, தூக்கம், முடி, கஷாயம் உட்பட, அதில் எழுத வேண்டும். கம்பெனி வைத்த பெயரை மட்டும் எழுதினால் போதாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரும் மில்லிகிராமும் வேண்டும். எந்த டாக்டர், எதற்காக, எப்போதிலிருந்து என்பதும் இருக்கட்டும். கண் டாக்டரோ பல் டாக்டரோ, யாரிடம் போனாலும் உட்கார்ந்ததும் முதலில் அதை நீட்டிவிட்டால் வாயால் சொல்லும் கூச்சம் இல்லை. ஒரு பிரதி சட்டைப் பையில். இன்னொன்று மனைவியிடம். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அவசரப் பிரிவில் கேட்கும்போது, பதில் சொல்லும் நிலையில் இருக்கப்போவது பெரும்பாலும் அவர்தான்.